ஸ்ட்ராவில் வரும் குரல் வகுப்பில் ஏன் வரவில்லை?

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. சில மாதங்களாகவே இரண்டாவது பீரியட் முடிவதற்குள் குரல் இறுகி, கரகரத்து, கடைசியில் காற்றே வராததுபோல் அடைத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்பக்கம் வலிக்கிறது. தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோல் இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தார். குரல்நாண்களில் கட்டியோ புண்ணோ ஒன்றுமில்லை, தசை இறுக்கம்தான், மசில் டென்ஷன் டிஸ்போனியா என்று சொல்லி வாய்ஸ் தெரபிக்கு அனுப்பினார். மூன்று முறை போனேன். வேலை நெருக்கடியில் அது நின்றுவிட்டது. அங்கே சொல்லித்தந்த ஸ்ட்ரா பயிற்சியை, அதாவது ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் விட்டுக் குரலோடு ஊதுவதை, மட்டும் வீட்டில் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் தவறாமல் செய்கிறேன். செய்யும்போது குரல் தெளிவாக வருகிறது. வகுப்புக்குப் போனால் பழைய கதைதான். வயிற்றிலிருந்து பேசு என்கிறார்கள். வயிற்றை அழுத்திப் பேசினால் இன்னும் மோசமாகிறது. என் நுரையீரலில் பலம் இல்லையா? பயிற்சி நேரத்தைக் கூட்ட வேண்டுமா? இல்லை, எல்லாமே மனப்பிரமையா?

பதில்: பயிற்சி நேரத்தைக் கூட்டாதீர்கள், டீச்சர். மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நாளை காலையிலிருந்து ஒரு மணி நேரம் ஸ்ட்ராவும் கையுமாக உட்கார்ந்துவிடுவீர்கள் போலிருக்கிறது. இந்தப் பிரச்சினையோடு குரல் சிகிச்சைக்கு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கடமை தவறாதவர்கள். எதைச் செய்யச் சொன்னாலும் இரண்டு மடங்கு முயற்சி போட்டுச் செய்வார்கள். அந்தக் கூடுதல் முயற்சி நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்களுக்கு ஸ்ட்ரா பயிற்சி பலித்துத்தான் இருக்கிறது. ஸ்ட்ராவிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து வகுப்பறைக்கும் வருவதற்கு இடையில் சில படிகள் உண்டு. மூன்று அமர்வோடு நின்றதில் விட்டுப்போனவை அந்தப் படிகள். இந்தப் பதிலில் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

மனப்பிரமை இல்லை. கேமராவில் கட்டி தெரியவில்லை என்றால் குரல்நாண்களின் மேற்பரப்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் பொருள். அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது தனிக் கேள்வி, உங்கள் மருத்துவர் அதற்கும் பதில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். மன அழுத்தம் இதில் பங்கு வகிக்கும், மறுப்பதற்கில்லை. பயந்தால் குரல் நடுங்குகிறது, அழுகை வந்தால் தொண்டை அடைக்கிறது. மனம் சொல்வதை உடனே கேட்கிற இடம் குரல்வளை. அதற்காக நீங்கள் கற்பனை செய்துகொள்கிறீர்கள் என்று ஆகிவிடாது. கழுத்தில் வலிப்பது நிஜத் தசை.

அந்தத் தசை என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பயிற்சியின் காரணம் புரியாமல் செய்கிற பயிற்சி சடங்காகிவிடும். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது விலகியிருக்கும். பேச நினைத்ததும் தசைகள் அவற்றை அருகில் கொண்டுவரும். அத்தோடு தசைகளின் பெரிய வேலை முடிந்தது. அதன் பிறகு கீழிருந்து வரும் காற்று நாண்களைப் பிரிக்கிறது. நாண்களின் மீள்தன்மையும் நடுவில் விரைந்து போகும் காற்றும் அவற்றை மறுபடி சேர்க்கின்றன. பெண்களின் பேச்சுக் குரலில் இது நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை நடக்கும், ஆண்களுக்கு 100 முதல் 125 தடவை. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று 1950-இல் ரவூல் ஹுசோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வாதிட்டார். 1958-இல் டச்சு ஆய்வாளர் வான் டென் பெர்க் காற்றையும் மீள்தன்மையையும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிய பிறகு அந்த வாதம் எடுபடவில்லை. அதிர்வை நடத்துவது காற்று. தசை அதற்கு இடம் தயார் செய்துகொடுக்கிறது. ஸ்ட்ரா போன்ற காற்றோட்டப் பயிற்சிகள் அத்தனையும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கின்றன.

இப்போது நாண்களை இறுக்கி மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அவற்றைப் பிரிக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். வயிற்றை அழுத்துகிறீர்கள். கீழே அழுத்தம் கூடியதும் குரல்வளை இன்னும் பலமாக மூடிக்கொள்கிறது. பாரம் தூக்கும்போதும் முக்கும்போதும் அது செய்கிற அதே வேலை. ஒரே கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் தள்ளுவதுபோல, ஆனால் இரண்டு பேரும் நீங்களேதான். போகப் போக நாண்களுக்கு மேலேயுள்ள, பொய்க் குரல்நாண்கள் எனப்படும் மடிப்புகளும் நெருங்கி வரும். குரல்வளை முன்பின்னாகச் சுருங்கும். கழுத்துத் தசைகள் அதை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குரல்வளைக்கும் அதற்கு மேலேயுள்ள நாக்கெலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறுகிப்போய், அந்த இடத்தைத் தொட்டாலே பலருக்கு வலிக்கும். நீங்கள் சொல்லும் உருண்டை உணர்வும் பெரும்பாலும் இந்த இறுக்கத்தோடு சேர்ந்தே வருவது.

சரி, நுரையீரல் பலம். சாதாரணப் பேச்சுக்குக் குரல்நாண்களுக்குக் கீழே தேவைப்படும் அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தால் அளப்பது வழக்கம். அது 5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உயரமான தம்ளரில் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவின் நுனியை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, குரல் இல்லாமல் ஊதுங்கள். குமிழ் வந்துவிட்டதா? பேசுவதற்கான அழுத்தம் உங்களிடம் இருக்கிறது. காற்றின் அளவும் அப்படித்தான். ஓர் உயிரெழுத்தை நீட்டிச் சொல்ல நொடிக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் காற்று போதும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுக்கிற ஒரு மூச்சிலேயே அரை லிட்டர் உள்ளே போகிறது. உங்களிடம் காற்று நிறையவே இருக்கிறது. குரல் தொடங்கும் நேரத்தில் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள்.

"வயிற்றிலிருந்து பேசு" என்ற அறிவுரை கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. ஆனால் கேட்பவர்கள் அதை வயிற்றை இறுக்கித் தள்ளுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது வயிறு தளர்ந்து முன்னே வரட்டும். பேசும்போது அதன் போக்கில் உள்ளே போகட்டும். அதற்கு மேல் வயிற்றுக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ரா என்ன செய்கிறது? வாயின் முன்பக்கத்தை ஒடுக்கிவிட்டால் வெளியேறும் காற்றுக்குத் தடை வந்து, அதற்குப் பின்னால் ஓர் அழுத்தம் உண்டாகும். அந்தப் பின்னழுத்தம் மேலிருந்து நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கிறது. கீழ் அழுத்தத்துக்கும் மேல் அழுத்தத்துக்கும் வித்தியாசம் குறைவதால் நாண்கள் மோதிக்கொள்ளும் வேகமும் தணிகிறது. குறைந்த முயற்சியில் அதிர்வு தொடங்குகிறது. இதன் இயற்பியலை அமெரிக்காவின் இங்கோ டிட்சே விரிவாக எழுதியிருக்கிறார், ஆனால் பழக்கம் அவருக்கு முந்தையது. பின்லாந்தில் அன்ட்டி சொவியார்வி 1960களிலேயே கண்ணாடிக் குழாய்களை வைத்துக் குரல் பயிற்சி கொடுத்தார். அதே நாட்டின் மார்கெட்டா சிஹ்வோ பிற்பாடு, ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளமுள்ள சிலிக்கோன் குழாயைத் தண்ணீரில் விட்டுக் குரலோடு ஊதும் லாக்ஸ் வாக்ஸ் முறையைக் கொண்டுவந்தார். உங்கள் ஸ்ட்ரா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஸ்ட்ரா வாயில் இருக்கும்வரை இயற்பியல் உங்கள் பக்கம் நின்று உதவுகிறது. எடுத்ததும் அந்த உதவி போய்விடும், தசைகள் பல வருடப் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். அதனால் ஸ்ட்ராவில் தெளிவாக வரும் குரலை இரண்டு விதமாகப் பாருங்கள். ஒன்று, உங்கள் நாண்களால் நன்றாக அதிர முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. இன்னொன்று, அப்படி அதிரும்போது தொண்டை எப்படி இருக்கிறது என்று உடம்புக்குக் காட்டும் மாதிரி. அந்த உணர்வை ஞாபகம் வைத்துக்கொண்டு ஸ்ட்ரா இல்லாமல் தேடிப் பிடிப்பதுதான் சிகிச்சை. பதினைந்து நிமிடம் ஊதிவிட்டு ஸ்ட்ராவைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினால், மாதிரியைப் பார்த்தீர்கள், வரையவில்லை என்றுதான் ஆகும்.

முதலில் ஸ்ட்ராவையே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். நுனி தண்ணீரில் 1 அல்லது 2 சென்டிமீட்டர் முங்கியிருந்தால் போதும். ஆழம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டியிருக்கும், இறுக்கம் உள்ளவர்களுக்கு அது எதிர்வேலை. உதடுகள் ஸ்ட்ராவைச் சுற்றி மூடியிருக்கட்டும், பற்களால் கடிக்க வேண்டாம். குரல் இல்லாமல் ஊதுங்கள், குமிழ்கள் சீராக வரட்டும். நிறுத்தாமல் அப்படியே ஊ என்று குரலைச் சேருங்கள். குரல் சேர்ந்ததும் குமிழ்கள் கொஞ்சம் குறைவது இயல்பு. சட்டென்று நின்றுவிட்டு, ஒரு கணம் கழித்து வெடித்ததுபோல் வந்தால் நாண்களைப் பூட்டிவிட்டு அப்புறம் திறக்கிறீர்கள் என்று அர்த்தம். நடுவில் மூக்கை விரலால் மூடிப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியே நழுவுகிறது. தோள் ஏறும் அளவுக்கு மூச்சை நிரப்புவது, தண்ணீர் வெளியே தெறிக்க ஊதுவது, கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்து எடுப்பது, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். யார் நீளமாக ஊதுகிறார்கள் என்ற போட்டி ஏதும் இங்கே இல்லை.

குரல் தொடங்கும் அந்தக் கணம் சீரானதும் ஸ்ட்ராவை வைத்துவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுங்கள். இரண்டு மூன்று படலமாக இருந்தால் ஒரு படலத்தை மட்டும் பிரித்தெடுத்து, வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் தொங்கவிடுங்கள். உதடுகளைக் குவித்து, குரல் இல்லாமல் ஊதினால் காகிதம் நிதானமாக மேலெழும்பி நிற்க வேண்டும். அடுத்து அதே காற்றில் ஊ என்ற ஒலியைக் கலந்துவிடுங்கள். முதலில் பாதி மூச்சும் பாதி குரலுமாகத்தான் வரும், வரட்டும். காகிதம் எழும்பியபடியே இருக்கிறதா என்பது மட்டும்தான் இப்போதைய கேள்வி. பிறகு மெல்ல மெல்லக் குரலின் பங்கைக் கூட்டுங்கள். குரல் முழுதாகத் தெளிந்த பிறகும் காகிதம் அசைந்தால் இந்தப் படி முடிந்தது. அது செத்த இலைபோல் தொங்கிவிட்டால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி மூச்சிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ரெச் அண்ட் ஃப்ளோ, ஃப்ளோ ஃபொனேஷன் என்ற பெயர்களில் எங்கள் துறையில் சொல்லித்தரப்படும் முறைகளின் எலும்புக்கூடு இதுதான்.

அடுத்தது சொற்கள். ஆங்கிலத்தில் தயாரித்த சொற்பட்டியல்களைத் தமிழ் பேசுபவர்களுக்கு அப்படியே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊ-விலிருந்து நேராக ஊர், ஊதா, ஊஞ்சல் என்று போய்விடலாம். முதல் ஒலியை நீட்டி, காற்று ஓடத் தொடங்கிய பிறகு மிச்சத்தைச் சேருங்கள். பகரத்தில் தொடங்கும் சொற்களை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். "போ" என்றால் உதடு திறக்கும் வெடிப்பிலேயே காகிதம் அசைந்துவிடும். தொண்டை இறுகியிருந்தாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அப்புறம் காகிதத்தை விட்டுவிட்டு உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துக்கொள்ளலாம். ம, வ, ய, ழ, ர போன்ற, தொண்டையில் எங்கும் வெட்டுப்படாமல் ஓடும் ஒலிகளாலான சிறு வாக்கியங்கள்: மழை வருமா, யார் வருவார், வழியே வாராய். முதலில் ஒரே சுருதியில் இழுத்துச் சொல்லுங்கள், பிறகு பேசுகிற ஏற்ற இறக்கத்தில்.

நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகவும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "மழை வருமா" என்பதை உங்கள் வகுப்பறை இறுக்கத்தோடு சொல்லி, உடனே காற்றோடு சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் தேடாதீர்கள். கழுத்தில், நாக்கின் அடியில், தாடையில் தேடுங்கள். இறுக்கத்தை வேண்டியபோது வரவழைக்கத் தெரிந்தவருக்கு அதை விடவும் தெரிந்துவிடும். இந்தப் பயிற்சியை ஓரிரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறுக்கமாகச் சொல்வதையே பழகிவிடக் கூடாது.

இனி வகுப்பறை. நீங்கள் ஒரு நாளில் அதிகம் உரக்கச் சொல்லும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: உட்காருங்கள், எழுதுங்கள், அமைதி, இங்கே பாருங்கள், என்ன சத்தம், அடுத்த பக்கம், எல்லாரும். அத்தனையும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை உரக்க, அவசரமாகச் சொல்லும்போதுதான் குரல்நாண்கள் முதலில் அறைந்து மூடிக்கொண்டு பிறகு வெடித்துத் திறக்கும். இந்த ஒரு பழக்கத்தைத் தளர்த்தினாலே பாதி பாரம் குறையும் என்பது என் எண்ணம்.

தமிழே இதற்கு வழி வைத்திருக்கிறது. பேச்சில் எ, இ-க்கு முன்னால் மெல்லிய ய் ஒன்றும், உ, ஒ-க்கு முன்னால் மெல்லிய வ் ஒன்றும் பலருக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும்: யெழுதுங்க, வுட்காருங்க. மேடைத் தமிழ் பேசும் ஆசையில் அதை ஒழித்துக்கட்டியிருந்தால் இப்போதைக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை ஒலி ஓடும்போதே காற்று ஓடத் தொடங்கிவிடும், நாண்கள் அறைந்து மூட இடமிருக்காது. அகரத்துக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு முன்னால் மெய்யில் முடியும் ஒரு சொல்லைப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். "அமைதி!" என்று வெட்டுவதற்குப் பதில் "கொஞ்சம் அமைதி" என்று, ம்-மும் அ-வும் ஒன்றாகப் புணரும்படி. நீங்கள் தமிழாசிரியை என்றால் நான் விளக்கவே வேண்டியதில்லை, மெய்மேல் உயிர் ஏறும் அதே புணர்ச்சிதான்.

இன்னொன்று. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஒரு விளக்கத்தை நீட்டிக்கொண்டே போய், மூச்சு தீர்ந்துபோகும் இடத்தில், எல்லாரும் கேட்டாக வேண்டிய சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கவைக்கத் தொண்டையைப் பிழிகிறோம். உங்கள் குரல் வாக்கியத் தொடக்கத்தில் நன்றாக இருந்து முடிவில் கீறலாகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வினைக்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குங்கள். "ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது", நிறுத்தி மூச்சு, "அதன் பாதை விலகுகிறது." பிள்ளைகள் அந்த இடைவெளியில் குறிப்பு எழுதிக்கொள்வார்கள், அவர்களுக்கும் நல்லது. மூச்சு வாங்க வாயைத் திறந்தால் போதும், காற்று தானாக உள்ளே விழும். சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டாம்.

முதல் சில வாரங்கள் இந்தக் குரல் உங்களுக்கே பிடிக்காது. மிருதுவாக, அதிகாரம் இல்லாமல், யாரோ பேசுவதுபோல் இருக்கும். இறுக்கத்தையே பலம் என்று காது பழகியிருப்பதால் வரும் சங்கடம் அது. வீட்டில் இரண்டு விதத்திலும் ஒரு பத்தியைப் படித்து போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உள்ளுக்குள் மெலிந்ததாகத் தோன்றியது வெளியே தெளிவாகக் கேட்பதைப் பார்ப்பீர்கள். அதே சமயம், நாற்பது பேர் சலசலக்கும் அறையில் புதிய பழக்கம் முதல் நாளே தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதைப் பதிவு செய்ததால் லோம்பார்ட் விளைவு என்றே பெயர். மன உறுதியால் அதை வெல்வது கடினம். ஒரு சிறிய மைக்கும் இடுப்பில் மாட்டும் ஸ்பீக்கரும் வைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதையும் சத்தம் அடங்குவதற்கு முன் தொடங்குவதையும் விட்டுவிட்டாலே மைக்குக்கும் வேலை குறையும்.

எவ்வளவு நேரம் செய்வது? காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து என்பதை உடைத்துவிடுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஆனால் அடிக்கடி: எழுந்ததும், முதல் வகுப்புக்கு முன், ஒவ்வொரு பீரியட் இடைவெளியிலும், வீடு திரும்பியதும். ஒவ்வொரு முறையும் ஸ்ட்ராவில் நாலைந்து மூச்சு, உடனே ஊ, உடனே ஒரு சொல், உடனே அடுத்த வகுப்பில் நிஜமாகச் சொல்லப்போகும் முதல் வாக்கியம். அந்த வாக்கியம் வரை போகாமல் முடிக்காதீர்கள். வகுப்பிலும் முழு நேரத்தையும் கண்காணிக்க முயன்றால் பாடம் நடக்காது. முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் காற்றோட்டக் குரலுக்கு ஒதுக்குங்கள். அது பழகியதும் கூட்டிக்கொள்ளலாம்.

கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைத்துச் செய்யாதீர்கள். இறுக்கம் உள்ள பலர் கிசுகிசுக்கும்போதும் குரல்வளையைப் பிழிகிறார்கள். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். கழுத்தை விரல்களால் நீவி, மேலேறிய குரல்வளையைக் கீழே தளர்த்தும் கைமுறை சிகிச்சை ஒன்று உண்டு, நல்ல பலன் தருவதுதான். ஆனால் கழுத்தின் பக்கவாட்டில் முக்கியமான ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, வீடியோவைப் பார்த்து நீங்களாக அழுத்த வேண்டாம். குரல் கரகரப்புக்காக மட்டும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாத் தசை இறுக்கமும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு நாண்களின் பின்பக்கம் இடைவெளி விழுந்து காற்று வீணாகக் கசியும், குரல் காற்று கலந்து வரும். அவர்களை இன்னும் காற்றை விடு என்று சொன்னால் தலைசுற்றல்தான் மிஞ்சும். இன்னும் சிலருக்கு இறுக்கம் என்பது வேறொரு குறையை ஈடுகட்டும் முயற்சி. ஒரு பக்க நாண் லேசாகப் பலவீனமாகியிருக்கும், அல்லது மூப்பில் மெலிந்திருக்கும். மற்ற தசைகள் அதைத் தாங்கிப் பிடிக்க வந்து இறுகிப்போயிருக்கும். சாதாரண கேமராவில் நழுவிவிடும் இப்படிப்பட்ட குறைகள் சில, அதிர்வை நிதானமாகக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபியில் தெரியவரும். உங்களுக்கு ஸ்ட்ராவில் தெளிவான குரல் கிடைப்பது நல்ல அறிகுறிதான். ஆனாலும் மேலே சொன்னபடி முறையாகச் செய்து ஆறேழு வாரத்தில் வகுப்பில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் ஸ்ட்ரோபோஸ்கோபி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுவிடும்போது சத்தம் வருவது, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, காதுக்குப் பரவும் வலி, தண்ணீர் குடித்தால் புரையேறுவது, இவற்றில் எது வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். சில குறிப்பிட்ட ஒலிகளில் மட்டும் குரல் திரும்பத் திரும்ப வெட்டி வெட்டி நின்றால் அது ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையும் வேறு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கேமரா பரிசோதனையே செய்யாமல் இந்தப் பயிற்சிகளில் இறங்காதீர்கள். குரல் மாற்றம் 4 வாரத்தில் சரியாகாவிட்டால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். புகைப்பவர்களும் கழுத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் அந்த 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, விட்ட தெரபியைத் தொடருங்கள். பொதுவாக 4 முதல் 8 அமர்வுகளில் முடிகிற விஷயம் இது. மூன்றில் நின்றது பாதி வழியில் நின்றதுபோல்தான். எட்டுத் தடவை நேரில் போக முடியாவிட்டால் சிலவற்றை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், காற்றோட்டப் பயிற்சிக்கு அது ஒத்துவரும். போகும்போது ஒரு பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் போனில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். "ஸ்ட்ராவில் வருகிறது, சொல்லிலும் வருகிறது, வாக்கியக் கடைசியில் விட்டுப்போகிறது" என்று எந்த இடத்தில் நழுவுகிறது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் தெரபிஸ்ட் அங்கிருந்தே தொடங்கிவிடுவார்.